கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால் போதாது

கேள்வி: கைப்பேசியை அளவுக்கு மீறிப் பார்த்தால் மூளை கெட்டுப்போகுமா? இந்தப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் இருக்கிறீர்களா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை அருகே வெள்ளிக் கொலுசுப் பட்டறை எங்களுடையது. கண்ணிகளை நெருப்பு ஊதிப் பற்றவைக்கும்போது சூடு கொஞ்சம் கூடினால் வெள்ளி உருகிவிடும், குறைந்தால் பற்று நிற்காது. போன ஆவணி முகூர்த்தங்களுக்கு நான் செய்த கொலுசுகளில் ஏழு ஜோடி கண்ணி விட்டுத் திரும்பி வந்தன. பெரியப்பா திட்டவில்லை. என் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த கைப்பேசியைக் காட்டி, "தம்பி, உன் புத்தி பாதி அதற்குள் இருக்கிறது" என்றார்.

"நான் அதை எடுக்கவே இல்லையே, பெரியப்பா" என்றேன். உண்மையிலேயே எடுக்கவில்லை.

அவர் சொன்னதை 2017இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏட்ரியன் வார்டும் அவருடைய குழுவினரும் சோதித்திருக்கிறார்கள். கைப்பேசியை ஒலியடக்கி மேசையில் கவிழ்த்து வைத்திருந்தவர்களைவிட, அடுத்த அறையில் விட்டு வந்தவர்கள் நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. ஆனால் என் பட்டறையில் நான் கண்டது இதைத்தான்.

மூளை கெட்டுப்போகும் என்று பயமுறுத்துவது சரியல்ல. மூளை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் கிடைத்த பொருளுக்காக மட்டும் சுரப்பதில்லை. கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலும் சுரக்கிறது. பொத்தானைக் கொத்தினால் எப்போது தானியம் விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்தும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் கைப்பேசிக்கு வெகுகாலம் முன்பே காட்டிவிட்டார். பத்து முறை திறந்தால் ஒரு முறை நல்ல சேதி இருக்கிறது. அந்த ஒன்றுக்காகத்தான் கை போகிறது. இதை மன உறுதியால் வெல்லப் பார்த்துப் பலமுறை தோற்றேன். தூரம்தான் எனக்குக் கைகொடுத்தது.

வியாபாரிகள் அழைப்பார்கள் என்பதால் கைப்பேசியை அணைக்க முடியாது. அதனால் அழைப்பு மணியை மட்டும் உரக்க வைத்து, மற்ற அறிவிப்புகளை நிறுத்தி, வாசல் திண்ணையை ஒட்டிய அலமாரியில் வைத்துவிடுகிறேன். மாதிரிப் படங்கள் வாட்ஸ்அப்பில்தான் வரும். அவற்றை மதியச் சாப்பாட்டின்போதும் மாலை ஆறு மணிக்கும் பார்க்கிறேன். இரவிலும் அது அந்த அலமாரியிலேயே இருக்கும். விடியலில் எழுப்புவதற்குக் கடைவீதியில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினேன். நான் செய்ததிலேயே பெரிய மாற்றம் அதுதான் என்பேன், ஏனென்றால் படுக்கையில் கைப்பேசி இருக்க இனிக் காரணமே இல்லை.

முதல் வாரம் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். தடவட்டும், அங்கே ஒன்றும் இருக்காது. லண்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில் புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது; சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது, சிலருக்குப் பல மாதங்கள் பிடித்தன. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்றும் அதில் கண்டார்கள். தை மாத வேலை நெருக்கடியில் நானும் இரண்டு நாள் கைப்பேசியைப் பட்டறைக்குள் கொண்டுவந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை அது மறுபடி அலமாரிக்குப் போனது.