வெப்மெயில் திறக்கிறது, போனில் மட்டும் மெயில் வரவில்லை

அண்ணே, மண்டபத்து நண்டு கம்பெனியின் டொமைன் மெயில் பிரவுசரில் திறக்கிறது, போனில் போட்டால் ‘யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு’ என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பாஸ்வேர்டு சரிதான், தவறென்றால் பிரவுசரிலும் திறந்திருக்காது.

முதல் சந்தேகம் யூசர்நேம் மீது. சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) உள்ள ஹோஸ்டிங்கில் @ குறிக்கு முன்னால் உள்ளதை மட்டும் போட்டால் போதாது, டொமைனோடு முழு முகவரியும் வேண்டும். இன்கமிங் சர்வர் பெயர் ‘மெயில்’, புள்ளி, உங்கள் டொமைன். வகை ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துக் காட்டும் முறை), போர்ட் (இணைப்பு எண்) 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல் (இணைப்பைக் குறியாக்கும் முறை). சில ஆப்கள் தாமாகவே 143 போட்டுவிடும், மாற்றிவிடுங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் ‘எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்’ என்று அழுத்த வேண்டாம். சிபேனலில் அந்த முகவரிக்கு நேரே ‘கனெக்ட் டிவைசஸ்’ இருக்கும். அங்கே காட்டும் சர்வர் பெயரைப் போடுங்கள்.

இத்தனை தடவை தவறாகப் போட்டதில் சர்வர் உங்கள் ஐபியையே, அதாவது உங்கள் இணைய இணைப்பின் முகவரியையே, தடுத்திருக்கலாம். அப்போது சரியாகப் போட்டாலும் உள்ளே விடாது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதில் வந்தால் ஹோஸ்டிங்காரரிடம் தடையை எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவுட்லுக் பாப்3-இல் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் முறை), 995 போர்ட்டில் ஓடுகிறது என்றீர்களே, அதில் ‘சர்வரில் ஒரு நகலை விட்டுவை’ டிக் இருக்கிறதா? இல்லையென்றால் வலையைப் போட்டு வாரியதுபோல் மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரைக் காலி செய்துவிடும், போனில் ஒன்றும் தெரியாது. அதையும் ஐமேப்புக்கு மாற்றுவதே நல்லது. ஆனால் பழைய ஏற்றுமதி மெயில்கள் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கும். பிஎஸ்டி கோப்பாக (அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் கோப்பு) எடுத்து வைக்காமல் பழைய கணக்கை நீக்கிவிடாதீர்கள்.