ஏரிக்கு அடியில் மெட்டல் டிடெக்டர் கொண்டு பொருள் தேட என்ன கருவி வாங்கலாம், எங்கே தொடங்கலாம்?

ஸ்கூபா (காற்றுச் சிலிண்டர் கட்டிச் சுழியோடும்) பயிற்சி முடித்துவிட்டீர்கள், ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள ஏரிகளில் தொலைந்த நகைகளைத் தேட விரும்புகிறீர்கள், அதற்கு எந்த டிடெக்டர் பொருத்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோடைக்காலங்களில் சிம்கோ ஏரியிலும் அதைச் சுற்றியுள்ள நீர்நிலைகளிலும் இதைச் செய்துவருகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். இந்த வேலையில் பொருள் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் கருவியால் தீர்மானிக்கப்படுவதில்லை. அடியில் கிடக்கும் சேற்றைக் கலக்காமல் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் பழக்கமே அதைத் தீர்மானிக்கிறது. ஆயினும் நீங்கள் கருவியைப் பற்றியே கேட்டிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சந்தையில் உள்ளவை பெரும்பாலும் இரண்டு வகை. தாழ் அதிர்வெண்ணில் (VLF) இயங்குபவை இரும்பையும் மற்ற உலோகங்களையும் பிரித்துக் காட்டும். விட்டுவிட்டு மின்துடிப்பை அனுப்பும் துடிப்பு முறையில் (pulse induction) இயங்குபவை உப்பு நீரிலும் கருமணலிலும் தடுமாறாமல் ஆழமாகப் பார்க்கும். ஆனால் துருப்பிடித்த ஆணிக்கும் தங்க மோதிரத்துக்கும் ஏறக்குறைய ஒரே குரலில் பதில் சொல்லும். கடலில் உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் துடிப்பு முறைக்கு மதிப்பு அதிகம். நன்னீர் ஏரியில் அந்தச் சிக்கலே இல்லை என்பதால், இரும்பைப் பிரித்தறியும் கருவியை வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து. பழைய படகுத்துறைகளைச் சுற்றி ஆணி, கம்பி, போத்தல் மூடி என்று இரும்பு கொட்டிக் கிடக்கும். அத்தனையையும் தோண்டிக்கொண்டிருந்தால் சிலிண்டர் காலியாவதுதான் மிச்சம்.

விளம்பரத்தில் "நீர் புகாதது" என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். கரெட் ஏடி ப்ரோ, மைன்லாப் ஈக்வினொக்ஸ் 800 ஆகியவை 3 மீற்றர் ஆழம் வரைதான் தாங்கும். ஈக்வினொக்ஸ் 900 என்றால் 5 மீற்றர். இவை இடுப்பளவு நீரில் நடந்து தேடுபவர்களுக்கு உரியவை. சுழியோடிக்கு 20 மீற்றர் வரை தாங்கும் எக்ஸ்பி டியூஸ் 2, அல்லது 60 மீற்றர் வரை செல்லும் மைன்லாப் எக்ஸ்காலிபர் 2 பொருத்தமானது. டியூஸ் கம்பியில்லா இணைப்பில் இயங்குவது. வானொலி அலை நீருக்குள் செல்லாது என்பதால், அதற்கென்று தரப்படும் அன்டெனா வயரைத் தண்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதைக் கட்டாமல் இறங்கினால் கருவி ஊமையாகிவிடும்.

எந்தக் கருவியானாலும் அது அளப்பது பொருளின் மின்கடத்தும் தன்மையையும் பருமனையும்தான். அதற்குத் தங்கம் என்று தனியாக எதுவும் தெரியாது. பழைய குளிர்பானத் தகரங்களிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையங்களும் பெண்கள் அணியும் மெல்லிய தங்க மோதிரங்களும் பல சமயங்களில் கருவியின் திரையில் ஒரே எண்ணையே காட்டும். வளையங்களைத் தவிர்க்கலாம் என்று அந்த எண்ணுக்கு ஒலிக்காதபடி கருவியை அடைத்துவிட்டால் மோதிரத்தையும் சேர்த்து அடைத்ததாகிவிடும். நாணயங்களிலும் கனடாவுக்கென்று ஒரு விசேஷம் உண்டு. 1920 முதல் 1966 வரை வந்த பத்துச் சத நாணயத்தில் 80 சதவீதம் வெள்ளி இருப்பதால் அது தெளிவாக ஒலிக்கும். இப்போது புழங்கும் நாணயங்களோ உருக்கின் மேல் உலோகம் பூசியவை என்பதால் கருவி அவற்றைப் பெரும்பாலும் இரும்புக் கழிவோடு சேர்த்துத் தள்ளிவிடும்.

நம்மவர்கள் அதிகம் கேட்பது சங்கிலியையும் தாலிக்கொடியையும் பற்றித்தான். மெல்லிய சங்கிலி டிடெக்டருக்கு மிகவும் கடினமான பொருள். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு பொருளாகவே கருவிக்குத் தெரிவதால், பல பவுண் எடையிருந்தும் அது மௌனமாகக் கிடக்கும். அதில் கோத்த பதக்கமோ கொளுக்கியோதான் ஒலிக்கும். தாலிக்கொடி தடிப்பாக இருப்பதாலும் தாலி கனமான ஒரே துண்டாக இருப்பதாலும் அதைக் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம். ஆகவே யாராவது சங்கிலியைத் தொலைத்துவிட்டு உங்களை அழைத்தால், அதில் பதக்கம் இருந்ததா, கொளுக்கி எப்படிப்பட்டது என்பதை முதலில் கேளுங்கள். பிறகு, தொலைந்த நேரத்தில் எங்கே நின்றார், நீர் மார்பளவா கழுத்தளவா, கரையில் எந்த மரம் அல்லது கம்பம் நேராகத் தெரிந்தது என்று கேட்டு, முடிந்தால் அவரையே அந்த இடத்தில் மீண்டும் நிற்கச் செய்யுங்கள். இந்த விசாரிப்பு நாள் முழுக்க நீந்தித் தேடுவதைவிடப் பலன் தரும்.

இனி நீருக்கடியில் நடப்பதைச் சொல்கிறேன். சிம்கோவில் குளிக்கும் துறைகளை ஒட்டி 3 முதல் 5 மீற்றர் ஆழம்தான் நமக்கு வேண்டியது. 4 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போலச் சுமார் 1.4 மடங்கு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவர் அங்கே 28 லீற்றர் எடுப்பார். வழக்கமான அலுமினிய சிலிண்டரில் உள்ள சுமார் 2,200 லீற்றரில் கால்பங்கை ஒதுக்கி வைத்தாலும் ஒரு மணி நேரம் வேலை செய்யலாம். ஆழம் குறைவு என்பதற்காக அலட்சியம் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றரை மீற்றர் மேலே வந்தாலே நுரையீரல் காயப்படக்கூடும், பொருள் கிடைத்த பரவசத்தில் நேரே மேலே பாயும் ஆசைதான் அதற்கு வழிவகுக்கிறது.

நீந்தும்போது இருக்கும் சம மிதப்பைவிட (மேலெழாமலும் அமிழாமலும் நிற்கும் நிலை) சற்றுக் கூடுதலாக ஈயம் கட்டிக்கொண்டால் தோண்டும்போது உடல் மேலெழாது. ஆனால் காலில் மாட்டிய துடுப்புகள் தரையைத் தொடக்கூடாது. முழங்காலை மடித்துத் துடுப்புகளை உயர்த்தி வையுங்கள். இரண்டு எடைகளுக்கு நடுவே தரையோடு கயிறு கட்டி, அதன் ஓரமாகவே டிடெக்டரின் தேடும் தட்டை வீசிக்கொண்டு போய், மறுமுனையில் எடையைத் தட்டின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக நகர்த்தித் திரும்பி வருவதே நம்பகமான முறை. கண்போன போக்கில் தேடுகிறவர் ஒரே இடத்தை மூன்று தடவை பார்த்துவிட்டுப் பக்கத்து இடத்தை விட்டுவிடுவார். காதுக்கருவியில் வரும் மெல்லிய ஒலியை நாம் வெளிவிடும் குமிழிகளின் இரைச்சல் மூழ்கடித்துவிடும் என்பதால், சந்தேகமான இடத்தில் மூச்சை உள்ளிழுக்கும் வேளையில் தட்டை மெதுவாக வீசிக் கேளுங்கள். அதற்காகவும் மூச்சை அடக்க வேண்டாம்.

ஒலி வந்த இடத்தைக் கரண்டியால் கிளறினால் ஒரு நொடியில் எல்லாம் பழுப்பு நிறமாகி உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது; நீரோட்டமில்லாத ஏரியில் அது தெளிய வெகுநேரமாகும். மேசைப்பந்து மட்டையால் தரைக்கு ஒரு சாண் மேலே மெதுவாக விசிறுங்கள். மேல் சேறு விலகி, அடுத்து மணல் விலகி, பின்னர் சரளையோ களியோ தெரியும். தங்கத்தின் அடர்த்தி மணலைப் போலப் பல மடங்கு என்பதால் அலை அசைக்க அசைக்க மோதிரம் கீழே இறங்கி அந்தக் கெட்டியான படையின் மேல்தான் தங்கும். அகப்பட்டதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஸிப் வைத்த வலைப்பைக்குள் போடுங்கள். கையுறை விரலிலிருந்து நழுவிய மோதிரம் அதே கலங்கலில் மறுபடி மறைந்துவிடும்.

எங்கே தேடக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்ராறியோவின் மரபுரிமைச் சட்டப்படி, தொல்லியல் களம் ஒன்றிலிருந்து பொருளை எடுக்கவோ அதை மாற்றவோ உரிமம் வேண்டும். நீருக்கடியில் உள்ள களங்களுக்கும் இது பொருந்தும். ஹியூரோன் ஏரிக்கரையில் உள்ள ரொபர்மொரியில் 1885இல் மூழ்கிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற பாய்க்கப்பல் வெறும் 6 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு நன்னீரில் வாழாது என்பதாலும் நீர் குளிர்ந்திருப்பதாலும்தான் அதன் பலகைகள் இன்றும் நிற்கின்றன. அதிலிருந்து ஒரு ஆணியைப் பிடுங்குவது அந்தப் பலகையின் ஆயுளைப் பிடுங்குவதாகும். சிம்கோவும் குச்சிச்சிங் ஏரியும் சந்திக்கும் ஒடுக்கமான நீர்வழியில், பூர்வகுடியினர் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே மீன்பிடிக்க நட்ட மரக்கழிகள் சேற்றுக்குள் இருக்கின்றன. டிடெக்டர் மரத்தைக் காட்டாது. தோண்டுகிற கை அதை அழித்துவிடும். தேசிய, மாகாணப் பூங்காக்களிலும் சிம்கோ வழியாகச் செல்லும் டிரென்ட்-செவர்ன் படகு நீர்வழியிலும் அதிகாரிகளிடம் எழுத்தில் அனுமதி கேட்காமல் கருவியோடு இறங்காதீர்கள். நேற்றும் போன வருடமும் தொலைந்தவற்றைத் தேடுவதற்கே ஒரு வாழ்நாள் போதாது. கிடைத்த பெறுமதியான பொருளுக்கு உரியவர் தெரியாவிட்டால் பொலிஸாரிடம் அறிவிப்பதே முறை.

மோதிரத்தைவிட அதிகம் கிடைக்கப்போவது தூண்டில்காரர்களின் ஈயக்குண்டுதான். பனிக்காலத்தில் உறைந்த சிம்கோவின் மேல் அமர்ந்து மீன்பிடிக்கும் கூட்டம் பெரியது. அந்தக் குண்டுகளை அங்கேயே விட்டுவிடாமல் எடுத்து வாருங்கள். லூன் என்ற நீர்ப்பறவைகள் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி நஞ்சேறி இறக்கின்றன. தூண்டில் நரம்பில் சிக்கினால் அறுக்க ஒரு வெட்டியும், முள்ளுக்கும் சிப்பி ஓடுகளுக்கும் தாங்கும் கையுறையும், மேலே மிதவையில் சிவப்பு வெள்ளைச் சுழியோடிக் கொடியும், பக்கத்தில் ஒரு துணையும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

வேறோர் ஏரிக்குப் போகுமுன் உடையையும் கருவியையும் வலைப்பையையும் கழுவி, நீரை வடித்து, முற்றாகக் காயவிடுங்கள். 1988இல் சென் கிளேயர் ஏரியில் முதலில் காணப்பட்ட வரிச்சிப்பி (zebra mussel) என்ற அந்நியச் சிப்பி இன்று இத்தனை ஏரிகளுக்குப் பரவியிருப்பது, கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் ஈரமான படகுகளிலும் சாமான்களிலும் பயணம் செய்ததாலும்தான்.