எந்தத் தொட்டியிலும் போடக் கூடாதவை

தம்பி, ஜெர்மனிக்கு வந்த புதிதில் குப்பைத் தொட்டிகளின் நிறங்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது, கீழ்வீட்டு அம்மா வேறு சத்தம் போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். போகிற போக்கில், பழைய பேட்டரி, உடைந்த ஃபோன், மிஞ்சிய மாத்திரை இதையெல்லாம் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். தொட்டி நிறமெல்லாம் ஒரு மாதத்தில் கைக்குப் பழகிவிடும். கடைசியாகக் கேட்டீர்களே, அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடச் சட்டத்திலேயே இடமில்லை. லித்தியம் பேட்டரி குப்பை லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். லாரி எரிந்தது, தரம்பிரிக்கும் ஆலை எரிந்தது என்று இங்கே அவ்வப்போது செய்தி வருவது இதனால்தான். பேட்டரி விற்கிற கடை, அதே வகைப் பழைய பேட்டரியைக் காசு கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கே வாங்கியது என்று கேட்க மாட்டார்கள். சூப்பர்மார்க்கெட்டில் வாசல் பக்கமோ கல்லாவுக்கு அருகிலோ ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். லித்தியம் என்றால் போடும் முன் முனைகளில் செலோடேப் ஒட்டிவிடுங்கள். பேட்டரி உப்பிப் போயிருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். நகராட்சியின் வெர்ட்ஷ்டொஃப்ஹோஃபுக்கு, அதாவது மறுசுழற்சிப் பொருட்களை வாங்கிக்கொள்ளும் மையத்துக்குக் கொண்டுபோய் ஊழியர் கையிலேயே கொடுங்கள்.

ஃபோன், சார்ஜர், ஹேர் டிரையர் போன்றவற்றையும் அங்கே கொடுக்கலாம். ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2022 ஜூலையிலிருந்து, 800 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள, அவ்வப்போதாவது மின்சாதனம் விற்கிற சூப்பர்மார்க்கெட்டுகளும் பழைய சாதனங்களை வாங்க வேண்டும். எந்தப் பக்கமும் 25 சென்டிமீட்டரைத் தாண்டாத பொருள் என்றால் நீங்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரியதை, அதே மாதிரிப் புதியது வாங்கும்போது கொடுக்கலாம். கடைப் பையனுக்கே சில சமயம் இந்த விதி தெரியாது. பொறுமையாக மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நடக்கும்போது மினுக்குகிற குழந்தைச் செருப்பும், திறந்தால் பாடுகிற பிறந்தநாள் அட்டையும்கூட மின்கழிவுதான். உள்ளே பேட்டரி இருக்கிறதல்லவா?

பழைய டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் உண்டு. இவற்றையும் எல்.இ.டி. பல்பையும் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். பழைய குண்டு பல்பு மட்டும், வேறு எதிலும் சேராத மிச்சக் குப்பைக்கான கறுப்புத் தொட்டிக்குப் போகலாம். சி.எஃப்.எல். வீட்டிலேயே உடைந்துவிட்டால் வேக்குவம் கிளீனரைத் தொடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் கால் மணி நேரம் வெளியே இருங்கள். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு கெட்டி அட்டையால் வழித்தெடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக் கொடுங்கள்.

மாத்திரை, சிரப் விஷயத்தில் பலருக்கும் ஆச்சரியம் வரும். பெரும்பாலான ஊர்களில் இவை கறுப்புத் தொட்டிக்கே போகலாம். 2005 ஜூனுக்குப் பிறகு இங்கே வீட்டுக் குப்பையை அப்படியே கொண்டுபோய் நிலத்தில் கொட்டுவது கிடையாது. கறுப்புத் தொட்டியில் விழுவதில் பெரும்பகுதி எரி உலைக்குத்தான் போகிறது, மருந்தும் அதில் அழிந்துவிடும். கழிப்பறையிலோ சிங்க்கிலோ மட்டும் ஊற்றவே கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தில் மருந்து முழுதாக நீங்குவதில்லை. குழந்தைகள் கையில் படாதபடி காகிதத்தில் சுற்றிப் போடுங்கள். அப்பளம் பொரித்த எண்ணெயும் சிங்க்குக்கு ஆகாது. ஆறவிட்டு, மூடியுள்ள பாட்டிலில் அடைத்து இதே தொட்டியில் போடலாம்.

வார்னிஷ், தின்னர், பூச்சிக்கொல்லி, பாதி மிச்சமுள்ள ஸ்ப்ரே இதற்கெல்லாம் ஷாட்ஷ்டொஃப்மொபில் என்று ஒரு வண்டி பல ஊர்களில் பேட்டைக்குப் பேட்டை வரும். தேதி உங்கள் நகராட்சியின் குப்பை நாட்காட்டியில் இருக்கும். வீட்டளவுக்குப் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. வண்டி வரும் முன்னே சாமானைத் தெருவில் வைத்துவிட்டு வரக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, இப்போது கீழ்வீட்டு அம்மாவுக்கு வருவோம். அவர் கோபத்தில் கொஞ்சம் காசுக் கணக்கும் இருக்கிறது. பேக்கேஜிங் குப்பைக்கான மஞ்சள் தொட்டியின் செலவைப் பேக்கேஜிங் செய்கிற நிறுவனங்கள் ஏற்கின்றன, 1991-இல் தொடங்கிய ஏற்பாடு அது. கறுப்புத் தொட்டிக்கு வீட்டுக்காரர் கட்டணம் கட்டி, அதை வாடகையோடு வரும் நேபன்கோஸ்டன் என்கிற கூடுதல் செலவுக் கணக்கில் எல்லார் தலையிலும் பங்கு போடுவார். மஞ்சளில் டயப்பரும் சாப்பாட்டு மிச்சமும் கிடந்தால் ஆட்கள் ஸ்டிக்கர் ஒட்டி அப்படியே விட்டுப் போவார்கள். பிறகு கட்டணக் குப்பையாக அள்ள வேண்டும், அந்தக் காசில் அந்த அம்மாவுக்கும் பங்குண்டு.

மஞ்சளில் பேக்கேஜிங் மட்டும்தான். பிளாஸ்டிக் வாளியும் பொம்மையும் பிளாஸ்டிக்தானே என்று போடாதீர்கள், பல ஊர்களில் அது தப்பு. பெர்லின் மாதிரிச் சில ஊர்களில் போடலாம். தயிர்க் கப்பைக் கழுவ வேண்டியதில்லை, கரண்டியால் வழித்தெடுத்தால் போதும். ஆனால் அலுமினிய மூடியை முழுதாகப் பிய்த்துத் தனியே போடுங்கள், ஒரு கப்புக்குள் இன்னொன்றைச் செருகாதீர்கள். ஆலையில் அகச்சிவப்புக் கதிர்தான் பொருளை அடையாளம் காண்கிறது, ஒட்டிக்கொண்டிருந்தால் அது குழம்பிவிடும்.

காகிதத் தொட்டியில் கடை ரசீதையும் எண்ணெய் ஊறிய பீட்சா பெட்டியையும் சேர்க்காதீர்கள். காய்கறித் தோல் போன்றவை போடும் உயிர்க்கழிவுத் தொட்டியில், மட்கும் என்று அச்சடித்த பிளாஸ்டிக் பையையும் பல நகராட்சிகள் ஏற்பதில்லை. செய்தித்தாளில் பொதிந்து போடுங்கள்.

கண்ணாடிப் பாட்டிலை வெள்ளை, பழுப்பு, பச்சை என்று பிரித்துத் தெருவிலுள்ள பெட்டிகளில் போட வேண்டும். நீலம், சிவப்பு எல்லாம் பச்சையில். லாரியில் எப்படியும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், லாரிக்குள் தனித்தனி அறைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், அந்தச் சத்தத்துக்கு இன்னும் நாலு பேர் திட்டுவார்கள்.

பாட்டில் டெபாசிட் பற்றிச் சுருக்கமாக: ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பானப் பாட்டிலுக்கும் பான டின்னுக்கும் 25 சென்ட். 2024-இலிருந்து பிளாஸ்டிக் பால் பாட்டிலுக்கும் உண்டு. நசுக்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள், அங்குள்ள மெஷின் அதன் மேலுள்ள குறியைப் படித்தால்தான் காசு தரும்.

வீடு மாறும்போது பழைய மெத்தையை "இலவசம்" என்று எழுதி நடைபாதையில் வைக்கிற பழக்கத்தைப் பார்ப்பீர்கள். பல ஊர்களில் அதற்கு அபராதம் விழும். ஷ்பெர்முல் என்கிற, பெரிய சாமான்களை வந்து அள்ளும் சேவைக்கு முன்பதிவு செய்யுங்கள். சாவி கொடுக்கிற வாரத்தில் கூப்பிட்டால் தேதி கிடைக்காது, சில வாரங்கள் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.