தாளில் விழுந்த ஓட்டை

அன்புள்ள ஐயா,

பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியின் தலைப்புப் பக்கத்தைப் படத்தில் பார்த்தேன். முதலில் அதற்கு வைத்திருந்த நெப்போலியனின் பெயரை, அவர் பேரரசனானதும் பீத்தோவன் சுரண்டிய வேகத்தில் தாளே ஓட்டையாகியிருக்கிறது. பீத்தோவனின் கோபத்தை எந்த வாழ்க்கை வரலாறும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை. ஓர் இசைமேதையின் வாழ்வை அறிய அவருடைய கைப்பிரதிகளே போதும் அல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது என்றே நினைக்கிறேன். நீங்கள் பார்த்த பக்கமே அதற்குச் சாட்சி. வியன்னாவில் இசை நண்பர்கள் சங்கத்தின் காப்பகத்தில் உள்ள அந்தப் பிரதி, பீத்தோவன் திருத்தங்கள் செய்திருந்தாலும், படியெடுப்பவர் ஒருவர் எழுதியது. பீத்தோவன் தம் கையால் எழுதிய மூலம் கிடைக்கவில்லை. சுரண்டிய இடத்துக்குக் கீழே, 'போனபார்ட்டைக் குறித்து எழுதியது' (போனபார்ட் என்பது நெப்போலியனின் குடும்பப்பெயர்) என்னும் பொருளில் அவரே பென்சிலால் எழுதிய வரி அழியாமல் இருக்கிறது. நெப்போலியன் பேரரசனாக அறிவிக்கப்பட்டது 1804 மே மாதம்; அதே ஆண்டு ஆகஸ்டில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், சிம்பொனியின் பெயர் போனபார்ட் என்றே பீத்தோவன் குறிப்பிடுகிறார். கோபம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டையை மட்டும் பார்ப்பவருக்கு அவருடைய தடுமாற்றம் கண்ணில் படாது.

உரையாடல் ஏடுகளிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். காது கேளாமை முற்றியதால், 1818 முதல் தம்மிடம் பேச வந்தவர்களை அவர் குறிப்பேடுகளில் எழுதிக் காட்டச் செய்தார். பெரும்பாலும் அவர் வாயாலேயே பதில் சொன்னதால், எஞ்சியுள்ள ஏறத்தாழ 140 ஏடுகளில் பிறர் கேட்டதும் சொன்னதும் இருக்கின்றன, அவர் குரல் அரிதாகவே இருக்கிறது. போதாததற்கு, அவருக்குச் செயலாளர்போல இருந்த ஆன்டன் ஷிண்ட்லர், அவர் இறந்தபின், தம் நெருக்கத்தைப் பெரிதாக்கிக் காட்ட, காலியாக இருந்த இடங்களில் புதிய வரிகளை எழுதிச் சேர்த்திருக்கிறார். இது அம்பலமானது 1970களில்தான். அதுவரை அறிஞர்களும் அவற்றை நம்பியே எழுதினார்கள்.

ஆனாலும் மூலத்தைப் பார்த்தே தீரவேண்டிய இடங்கள் உண்டு. 1802 அக்டோபரில் ஹைலிகன்ஷ்டாட் கிராமத்தில், செவிடாகிவரும் துயரத்தையும் சாவைப் பற்றிய எண்ணத்தையும் தம் இரு தம்பியருக்குக் கடிதமாக எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தார்; 1827இல் அவர் இறந்தபிறகே அது கிடைத்தது. அதில் ஒரு தம்பி கார்லின் பெயரை எழுதியவர், மற்றொரு தம்பி யோஹானின் பெயர் வரவேண்டிய இடத்தை ஒவ்வொரு முறையும் வெறுமையாக விட்டிருக்கிறார். பெயரை நிரப்பி அச்சிட்ட பதிப்பில் படிப்பவருக்கு அந்த இடைவெளி தெரியாமலே போய்விடும்.