ஸ்டீரியோலாப் இசைக்குழுவின் 'டாட்ஸ் அண்ட் லூப்ஸ்' ஆல்பத்தில் பிரேசில் வாடை எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் தாளத்திலிருந்து. பிரேசிலின் போசா நோவா என்ற இசைப் பாணியில் குரல் காதோரம் பேசுவதுபோல வரும். கிதாரோ எதிர்பார்க்கும் இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். லண்டனில் இயங்கிய இக்குழுவின் மையம் டிம் கேன், லெட்டீசியா சாடியே என்ற அன்றைய இணையர். 1997-இல் வந்த இந்த ஆல்பத்தில் போசா நோவா நடையை எடுத்து, ஜாஸ் இசைக் கோர்வைகளோடு கணினியில் வெட்டி ஒட்டி விளையாடினார்கள். சிகாகோவில் இசைத் தயாரிப்பாளர் ஜான் மெக்கென்டயருடனும், ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் மவுஸ் ஆன் மார்ஸ் என்ற இருவர் மின்னணு இசைக்குழுவுடனும் பதிவு நடந்தது. அந்த மின்னணுக் கிறுகிறுப்புக்கு ஜெர்மன் கையும் ஒரு காரணம்.

பெயர்கூட விளையாட்டுதான்: நார்மன் மெக்லாரனின் 1940 அசைவூட்டக் குறும்படங்கள் இரண்டின் தலைப்புகள் அவை. 17 நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ரிஃப்ராக்‌ஷன்ஸ்...' பாடலை மட்டும் முதலில் கேட்காதீர்கள். 'மிஸ் மாடுலர்' போதும்.