விசிறி சுழல்கிறது, திரையில் படம் இல்லை: கேபிளை இடம் மாற்றுங்கள்

முன்பின் அறியாத ஒரு நல்லவர் உங்கள் மகளுக்கு இலவசமாகத் தந்த பாகங்களோடு, நீங்கள் வாங்கிய பிராசசரையும் சேர்த்துக் கட்டிய கணினியில் விசிறி சுழன்றும் படம் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) கழற்றி, அவர் தந்த ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டில் (திரைக்குப் படம் அனுப்பும் பாகம்) செருகுங்கள். நீங்கள் வாங்கிய ரைசன் 5 5600 பிராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லாததால், விசிறிகள் சுழன்றாலும் மதர்போர்டு வழியே படம் வராது. (5600ஜி என்றால் வந்திருக்கும், ஓர் எழுத்து செய்யும் வேலை.) கார்டுக்குரிய மின்இணைப்பு செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்போதும் திரை இருண்டே இருந்தால், அவர் தந்த பி450 மதர்போர்டில் பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) இருக்கக்கூடும்; அதற்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரியாது: அவ்வகை போர்டு 2018இல் வந்தது, இந்தப் பிராசசரோ 2022இல் வந்தது. பயாஸைப் புதுப்பித்தாரா என்று அவரிடமே கேளுங்கள். கொடையில் குறை காண்பதாக அவர் எண்ணமாட்டார்.

அதுவரை கூலரை (பிராசசரின் மேல் உள்ள குளிர்விப்பான்) கழற்ற வேண்டாம். இரண்டுக்கும் இடையே வெப்பம் கடத்தத் தடவும் பேஸ்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சேர்ந்து வந்துவிட்டால், அதன் பின்கள் வளைந்துவிடக்கூடும்.