எட்டாம் வகுப்பு வரை ‘கட்டாயத் தேர்ச்சி’ என்றால் என்ன, அது ஏன் கொண்டுவரப்பட்டது?

தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் படித்த வகுப்பிலேயே மீண்டும் நிறுத்திவைக்காமல் அடுத்த வகுப்புக்கு அனுப்புவதே கட்டாயத் தேர்ச்சி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு இதை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது.

இதன் காரணம் எளிது. கணக்கில் மட்டும் தவறிய ஐந்தாம் வகுப்புச் சிறுமி, நன்றாகவே எழுதிய தமிழையும் அறிவியலையும் சேர்த்து, தன்னைவிட இளைய பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்து மீண்டும் ஒரு வருடம் படிக்க வேண்டியிருந்தால், அந்தக் கூச்சமே அவளைப் பள்ளியை விட்டு நிறுத்திவிடக்கூடும். வறுமையும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். ஒரு மருந்தில் குணமாகாத நோயாளிக்கு அதே மருந்தை இன்னும் ஒரு வருடம் கொடுப்பதைப் போன்றதுதான் அதே வகுப்பில் நிறுத்திவைப்பது.

ஆனால், அடிப்படை வாசிப்பே வராமல் பிள்ளைகள் மேலே போகிறார்கள் என்ற புகாரும் நியாயமானதே. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தவறியவர்களுக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்தவும், அதிலும் தவறினால் நிறுத்திவைக்கவும் வழிசெய்தது. ஒன்றிய அரசுப் பள்ளிகளில் 2024 டிசம்பரில் இதற்கான விதிகள் வந்தன. தமிழ்நாடு பழைய முறையே தொடரும் என அறிவித்தது.

கட்டாயத் தேர்ச்சி என்றால் தேர்வே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஆண்டு முழுவதும் தொடர் மதிப்பீடு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 29ஆவது பிரிவு கூறுகிறது.